எழுவான்கரை மணலில் ஐந்து வாளி கூட்டெருத் தேநீர்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால், வாளியைக் கீழே வைக்குமுன் தண்ணீர் இறங்கிவிடும். அதில் கரைந்திருந்த பசளையும் கூடவே இறங்கிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவருக்கு இந்தக் கவலை இவ்வளவு இல்லை; அங்கே வயல்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுவான்கரையில் கத்தரியும் கொச்சியும் (மிளகாய்) வைக்கிறவர்கள் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றக்கூடிய நீர்ப்பசளையைத் தேடுவது அதனால்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் அது விலக்கப்படும் வரைக்கும் இருந்த மாதங்களில் அந்தத் தேடல் இன்னும் பலருக்கு வந்து சேர்ந்தது. கூட்டெருவை (கொம்போஸ்ட்) தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கூட்டெருத் தேநீரும் அப்படித் தேடப்பட்ட ஒன்று.

இங்கே ஆராயப்படுவது ஆரையம்பதிக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கமாக உள்ள 10 பேர்ச் வளவு ஒன்று. வெண்மணல். மூன்று தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் கிளிரிசீடியா. ஆழமில்லாத கிணறு ஒன்று. அதன் தண்ணீர் ஆனி மாதத்துக்குப் பிறகு நாக்கில் உப்புத் தட்டும், மாரி பெய்ததும் தெளிந்துவிடும். குழாய்த் தண்ணீரும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து தோட்டத்தைப் பார்க்கிறார்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில், 1 மீற்றர் அகலமும் 4 மீற்றர் நீளமும் கொண்ட நான்கு பாத்திகள் போட்டு, பாத்திக்கு 16 கன்றாகக் கொச்சி நட்டார்கள். முதலாம் பாத்திக்கு வெறும் தண்ணீர். இரண்டாம் பாத்திக்குத் தேநீர் மட்டும். மூன்றாம் பாத்தியில் கூட்டெரு பரப்பித் தண்ணீர். நான்காம் பாத்தியில் கூட்டெருவும் தேநீரும். இப்படிப் பிரித்து வைத்ததுதான் இந்த நிகழ்வை எழுதத் தக்கதாக்குகிறது. எல்லாவற்றுக்கும் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு, செடி நன்றாக வந்ததும் கடைசியாக ஊற்றியதைப் புகழ்கிற பழக்கம் நம்மிடம் அதிகம்.

முதலில் ஒரு கணக்கு

கூட்டெருத் தேநீரைப் பசளை என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ஒரு வாளித் தேநீருக்குப் போடும் 1 கிலோ கூட்டெருவை எடுங்கள். அதில் 400 கிராம் ஈரம் என்றால் உலர்ந்த பங்கு 600 கிராம். நல்ல கூட்டெருவில் நைதரசன் உலர்நிறையில் 1 முதல் 2 சதவீதம், 1.5 என்று வைத்தால் 9 கிராம். அந்த நைதரசனில் பெரும்பங்கு சேதனப் பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது, தண்ணீரில் கரையாது. பத்தில் ஒரு பங்கு கரைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.9 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால், ஒரு வாளித் தேநீரில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம் யூரியாவுக்குச் சமம். ஒரு சிட்டிகை. பத்துப் பேர்ச் வளவுக்கு அது எங்கே காணும்?

தேநீரின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டெருவில் வாழும் பற்றீரியாவும் பங்கசும் அவற்றைத் தின்னும் ஒருகல உயிர்களும் தண்ணீருக்கு வருகின்றன. காற்றும் இரையும் கிடைத்தால் ஒரு நாளுக்குள் பல மடங்காகப் பெருகுகின்றன. வேரடிக்குப் போய்ச் சேரும்போது அங்கே உள்ள சேதனப் பொருளை உடைத்து, கட்டுண்ட நைதரசனை வேர் எடுக்கும் வடிவத்துக்கு விடுவிப்பது அவற்றின் வேலை. ஆகவே அங்கே உடைப்பதற்குச் சேதனப் பொருள் இருக்க வேண்டும். மணலில் அது இல்லை. இந்த வளவில் நடந்த எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கூட்டெரு எப்படி இருந்தது

கெட்ட கூட்டெருவிலிருந்து நல்ல தேநீர் வராது. வளவில் முதலில் இருந்தது, பட்டியடியில் அள்ளி வந்த சாணத்தைத் தென்னோலையும் குப்பையும் போட்டு மூடி வைத்த குவியல். ஆறு வாரம் ஆகியிருந்தது; மேலே கறுத்து, உள்ளே சாண மணம் போகாமல் இருந்தது. அது சூடேறவே இல்லை. 1 மீற்றர் உயரம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் நீளத்துக்குக் குறைந்த குவியல் தன் சூட்டைத் தானே பிடித்து வைக்காது. கச்சான் காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பிறகு செய்த குவியல் முறையானது. சூடடிப்பு முடிந்த வயலிலிருந்து கொண்டு வந்த வைக்கோல் பாதி, சாணம் கால்பங்கு, வேலியில் வெட்டிய கிளிரிசீடியா இலை கால்பங்கு. வைக்கோலில் காபன் மிகுதி, கிளிரிசீடியாவில் நைதரசன் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் 1 பங்கு என்ற அளவுக்குக் கிட்ட வரும். வைக்கோலை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த வைக்கோலின் மேல் தண்ணீர் தெளித்தால் அது வழிந்து ஓடுமே தவிர உள்ளே இறங்காது. கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வர வேண்டும். அதுதான் அளவு.

மூன்றாம் நாள் குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தார்கள். கையில் பிடிக்க முடியவில்லை. கிருமியும் களைவிதையும் சாக வேண்டுமானால் 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்க சேதன விவசாய விதி. புரட்டும்போது வெளியே இருந்தது உள்ளே போக வேண்டும். மேலோட்டமாகக் கிண்டிவிட்டு ஐந்து தடவை என்று எண்ணக்கூடாது. சூடு தணிந்த பிறகு கிடுகால் மூடி இரண்டு மாதம் ஆற விட்டார்கள். கிடுகு மழையைத் தடுக்கும், காற்றை விடும். பொலித்தீன் இரண்டையும் தடுக்கும்.

ஒரு சோதனையை விட்டுவிடக்கூடாது. வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு எம்சிபிஏ போன்ற களைநாசினி அடிப்பது வழக்கம். அது வைக்கோலில் தங்கியிருந்தால் கொச்சி, தக்காளி, பயிற்றை எல்லாம் அகன்ற இலைச் செடிகள்தானே, அவற்றையும் தாக்கும். ஆறின கூட்டெருவை மணலோடு சரிபாதி கலந்து மூன்று சிரட்டையில் போட்டு, பயறு ஊன்றி இரண்டு மூன்று வாரம் பார்க்க வேண்டும். இலை சுருண்டு கோப்பையாகக் குவிந்தால் அந்தக் குவியலைத் தேநீருக்கும் பாத்திக்கும் எடுக்கக் கூடாது. மேலும் பல மாதம் ஆற விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இந்த வளவில் பயறு நேராக முளைத்தது.

முதல் வாளி

முறையான குவியல் ஆறுமுன்பே ஆசை அவசரப்படுத்தியது. பழைய சாணக் குவியலிலிருந்து 4 கிலோ எடுத்து, 20 லீட்டர் வாளியில் கொட்டி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டுக் கிணற்றடியில் வெயிலில் வைத்தார்கள். மூன்று நாள். மூடியைத் திறந்ததும் கூழ்முட்டை நாற்றம். இருந்தும் வீணாக்க மனமில்லாமல் இரண்டாம், நான்காம் பாத்திகளுக்கு ஊற்றினார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது: “என்ன மச்சாள், மீன் கழுவின தண்ணியையா ஊத்தின நீங்க?”

இரண்டு நாளில் இளங்கன்றுகளின் கீழிலை ஓரங்கள் கருகின. இரண்டு காரணம். ஒன்று, உப்பு: பட்டிச் சாணத்தில் சிறுநீர் உப்பு சேர்ந்திருக்கும், கிணற்றில் ஏற்கெனவே உப்பு, அதற்கு மேல் ஒரு பங்குக்கு நாலு, ஐந்து பங்கு தண்ணீர் என்ற செறிவு. காய்கறிகளில் கொச்சி உப்பைத் தாங்காத பக்கம்தான். தக்காளி அதைவிடக் கொஞ்சம் பொறுக்கும். இரண்டாவது, காற்றில்லாத அழுகல்: ஒட்சிசன் தீர்ந்ததும் வேறு பற்றீரியா தலைதூக்கி ஐதரசன் சல்பைட்டும் புளித்த அமிலங்களும் உண்டாக்கும். அவை இளவேருக்கு நஞ்சு. கூழ்முட்டை மணம், வாந்திப் புளிப்பு, கண்ணைக் கரிக்கும் அமோனியா, கள்ளு மணம் — இவற்றில் எது வந்தாலும் அந்த வாளியைக் குவியலின் மேல் கொட்டிவிட வேண்டும். செடிக்கு வேண்டாம். நல்ல தேநீர் முதல் மழைக்கு மண் மணப்பது போல மணக்கும், அல்லது மணமே இராது.

இரண்டாம் வாளி

இப்போது காற்று. மீன்தொட்டிக்கு வைக்கிற சிறிய பம்ப் ஒன்று, ஒரு குழாய், நுனியில் ஒரு காற்றுக்கல். முறையான கூட்டெரு 1 கிலோ நைலோன் வலைப்பையில். 18 லீட்டர் தண்ணீர். எங்கோ கேட்டபடி ஒரு சுண்டு நிறைய மொலாசசும் (கரும்புப் பாகு) ஊற்றினார்கள். நுண்ணுயிருக்கு இரை வேண்டுமாம். சாயந்தரம் நுரை வாளியை விட்டு வழிந்தது. எல்லோருக்கும் சந்தோசம்.

நுரை தரத்தைக் காட்டாது. இனிப்பும் புரதமும் உள்ள எந்தத் தண்ணீரில் காற்றடித்தாலும் நுரைக்கும். மறுநாள் மத்தியானம் அதே வாளி கள்ளு மணத்தது. இனிப்பு கூடினால் பற்றீரியா வெறிபிடித்துப் பெருகும். பெருகினால் ஒட்சிசனைக் குடித்துத் தீர்க்கும். பம்ப் கொடுக்கிற வேகத்தைக் குடிக்கிற வேகம் தாண்டியதும் வாளி முதல் வாளியாகவே மாறிவிடும். இடையில் காற்று ஓடிக்கொண்டே இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

இங்கேதான் நம் ஊர் வெப்பம் வருகிறது. இந்தச் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. 20 பாகையில் தண்ணீர் லீட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடிக்கும். 30 பாகையில் 7.6. வெயிலில் வைத்த கறுப்பு வாளி 40 பாகையைத் தொட்டால் 6.4. தேநீர் கெடாமல் இருக்க 6 மில்லிகிராமுக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது கைக்கொள்ளும் அளவு. குளிர்நாட்டுக்காரருக்கு 3 மில்லிகிராம் இடைவெளி இருக்கிறது, மட்டக்களப்பில் நிழலில் அதில் பாதி, வெயிலில் ஒன்றுமே இல்லை. அத்தோடு சூடு கூடக் கூட நுண்ணுயிர் பெருகும் வேகமும் கூடும். கொடுப்பது குறைந்து, குடிப்பது கூடுகிறது. அங்கே 36 மணித்தியாலம் என்று எழுதியிருப்பதை இங்கே 36 மணித்தியாலம் வைத்தால் அழுகல்தான்.

ஆகவே பம்ப் பெரிதாக இருக்க வேண்டும். 18 லீட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 7, 8 லீட்டர் காற்றாவது வேண்டும். ஒற்றைக் குழாய்ச் சிறு பம்ப் அதில் பாதியும் தராது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு ஆழமில்லாத தண்ணீருக்கானது, வாளியின் ஆழத்தில் அது இன்னும் குறையும். பார்வைக்கு ஒரு அடையாளம்: தண்ணீரின் மேற்பரப்பு சோறு கொதிப்பது போல எல்லாப் பக்கமும் புரள வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது.

மூன்றாம் வாளி

நாலு வாய் உள்ள பெரிய பம்ப் வாங்கினார்கள். மொலாசசை விட்டார்கள். ஆனால் கிணற்று உப்புக்குப் பயந்து குழாய்த் தண்ணீரை நேரே பிடித்துக் கூட்டெருவைப் போட்டார்கள். மட்டக்களப்புக் குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்து நீர், சுத்திகரித்துக் குளோரின் சேர்த்தது. குடிக்கிற நமக்கு அது காவல். வாளியில் நாம் வளர்க்க நினைக்கும் உயிருக்கு அதுவே கொல்லி. கூட்டெரு போடுமுன் ஒரு மணித்தியாலம் வெறும் தண்ணீரில் காற்றடித்தால் அல்லது முதல் நாள் இரவே வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். மாரியில் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைப்போல வேறில்லை.

அன்று இரவு மின்சாரமும் போனது. பம்ப் தரையில் இருந்தது, தண்ணீர் மட்டம் அதற்கு மேலே. காற்று நின்றதும் வாளித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிப் பம்ப்புக்குள் போய்விட்டது. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கவிட்டிருந்தால் இது நடந்திராது; அல்லது குழாயில் ஒருவழி வால்வு ஒன்று போட வேண்டும். மீன்தொட்டிக் கடையில் அதுவும் உண்டு. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது, மின்சாரம் போகாது என்று நம்பி எதையும் கட்டக்கூடாது. பெருகி நிற்கும் வாளியில் காற்று நின்றால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஒட்சிசன் தீரும். கரண்ட் போனதும் அந்த இடத்திலேயே வடித்து ஊற்றிவிடுவதே சரி. நேரம் ஆகவில்லை என்று காத்திருப்பதால் கெடுதல் மட்டுமே.

காற்றுக்கல்லையும் இங்கேயே கைவிட்டார்கள். கூழான தண்ணீரில் இரண்டு தடவை ஓடினால் அதன் துளைகளில் வழுவழுப்பான படை அடைத்துவிடும், எவ்வளவு உரசினாலும் உள்ளே இருப்பது போகாது. கல்லில்லாமல் நாலு குழாயையும் நேரே அடியில் கட்டிவிட்டால், குமிழி பெரிதாக வந்தாலும் தண்ணீர் நன்றாகப் புரளும். கழுவவும் எளிது.

நாலாம் வாளி

இது சரியாக வந்த வாளி. செய்ததை அப்படியே தருவது பயன்படும்.

இடம் குசினிக் கொட்டிலின் நிழல் விழும் பக்கம். வாளி வெள்ளை, அதைச் சுற்றி ஈரச்சாக்கு. கச்சான் காற்று உலர்ந்து வீசுவதால் ஈரச்சாக்கு வாளியைச் சில பாகை குளிர்விக்கும். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்தத் தந்திரம் அவ்வளவாக எடுபடாது. அப்போது உறையவைத்த சோடாப் போத்தல் ஒன்றை மூடியோடு உள்ளே இறக்கலாம். மண்பானை குளிர்மை தரும் என்று சிலர் வைப்பார்கள். பானையின் நுண்துளைக்குள் போன அழுக்கைக் கழுவி எடுக்க முடியாது, அடுத்த தடவை அதுவே முதல் விதையாகிவிடும்.

காலை 11 மணிக்கு 18 லீட்டர் தண்ணீரில் காற்றை ஓட விட்டார்கள். 12 மணிக்கு 1 கிலோ கூட்டெருவை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, கையால் நாலைந்து தடவை பிசைந்தார்கள். பை தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய பையின் நடுவே காற்றுப் போகாமல் அங்கேயே அழுகல் தொடங்கும். பருத்தித் துணி கூடாது, நெருக்கமான துணியில் பங்கசு இழைகள் சிக்கிவிடும். இரை எதுவும் சேர்க்கவில்லை.

மத்தியானம் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. முதல் ஆறேழு மணித்தியாலம் நுண்ணுயிர் குறைவு, ஒட்சிசன் தேவையும் குறைவு. அந்த நேரம் பகல் சூடு இருந்தாலும் பாதகமில்லை. தேவை உச்சத்துக்குப் போகிற நேரம் நள்ளிரவும் விடியலும், தண்ணீர் குளிர்ந்திருக்கும் நேரம். இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் பின்னேரம் முடிக்கிறவர்கள் உச்சத்தேவையையும் உச்சிவெயிலையும் ஒன்றாகச் சந்திக்க வைக்கிறார்கள். இந்த நேர மாற்றம் ஒன்றே பாதி வேலையைச் செய்தது.

விடிய 6 மணிக்கு, 18 மணித்தியாலத்தில், பம்ப்பை நிறுத்தினார்கள். மணம் பார்த்தார்கள்: ஈரமண். நிறம் சாயம் குறைந்த பிளேன்டீ. பாத்திக்குக் கொடுக்க ஒரு பங்கு தேநீருக்கு நாலு பங்கு தண்ணீர். செடிக்கு அரை லீட்டர், பாத்திக்கு 8 லீட்டர். முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த மணலில் ஒரே கோடாக இறங்கி வேரைத் தாண்டிப் போய்விடும். மிஞ்சியது தென்னைக்கும் முருங்கைக்கும். 8 மணிக்குள் வேலை முடிந்தது. பம்ப் நின்றபின் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்த தேநீரில் நம்பிக்கை வைக்கக்கூடாது. போத்தலில் அடைத்து விற்பதை வாங்குவதற்கும் இதே பதில்தான்.

இலைக்குத் தெளிக்க விரும்பினால் வெயில் ஏறுமுன் அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகு. முதுகில் சுமக்கும் 16 லீட்டர் டாங்கிக்குள் ஊற்றுமுன் நுண்ணிய நைலோன் வலையில் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும். களைநாசினி ஒருதடவையாவது போட்ட டாங்கியை இதற்கு எடுக்கவே கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் மிச்சம் ஒட்டியிருக்கும், கொச்சி அதைக் காட்டிக்கொடுக்கும்.

முடிந்த உடனே வாளி, குழாய், பை எல்லாவற்றையும் தும்பால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தார்கள். குழாயின் உட்பக்கம் விரலுக்கு வழுக்கினால் இன்னும் கழுவவில்லை என்று பொருள்.

பாத்திகள் சொன்னது

பூக்கும் வரைக்கும் கிழமைக்கு ஒரு தடவை நாலாம் வாளியின் முறையிலேயே ஊற்றி வந்தார்கள். வெறும் தண்ணீர் மட்டும் போன முதலாம் பாத்தியும், தேநீர் மட்டும் போன இரண்டாம் பாத்தியும் பக்கத்தில் நின்று பார்த்தால் பிரித்தறிய முடியாதபடி இருந்தன: குட்டை, வெளிறிய இலை, மத்தியானத்தில் வாடல். மூன்றாம் பாத்தி தூரத்திலிருந்தே தெரிந்தது. 2.5 சென்ரிமீற்றர் தடிப்பில் கூட்டெரு பரப்பி, மேல்மணலோடு கிளறி, வைக்கோலால் மூடியிருந்தது. 4 சதுர மீற்றருக்கு அது 100 லீட்டர், அதாவது ஐந்து வாளி கூட்டெரு. தண்ணீர் அங்கே நின்றது. நாலாம் பாத்தி மூன்றாமதைப் போலவே வளர்ந்து, பச்சை ஒருபடி கூடுதலாக, பூ சில நாள் முந்தி வந்தது. ஒரு பாத்தியில் ஒரு போகம் பார்த்ததை வைத்து அந்தச் சிறு வேறுபாட்டுக்கு மேல் எதையும் கட்டக்கூடாது. ஆனால் இரண்டாம் பாத்திக்கும் மூன்றாம் பாத்திக்கும் இருந்த வேறுபாடு சிறியதல்ல, அதைச் சந்தேகிக்க இடமில்லை. மேலே போட்ட கணக்கு அதைத்தான் எதிர்பார்க்கச் சொன்னது: 2 கிராம் யூரியாவுக்குச் சமமானதைச் சேதனப் பொருளில்லாத மணலில் ஊற்றினால் என்ன நடக்கும்?

நோய் விஷயத்திலும் எதிர்பார்ப்பைக் குறைக்க வேண்டும். இலையில் சாம்பல் படிகிற நோய்களில் சில ஆய்வுகளில் தேநீர் உதவியிருக்கிறது, சிலவற்றில் உதவவில்லை. ஒவ்வொரு வாளியும் வேறு என்பதால் அப்படித்தான் இருக்கும். கொச்சியில் இலை சுருண்டால் அது பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வெண்ஈ கொண்டு வரும் வைரசு ஆகியவற்றின் வேலை. தேநீர் அதைத் தொடாது. கத்தரி பச்சையாக நின்றபடியே திடீரென வாடிச் சாயும் பற்றீரியா வாடலுக்கும் இதை மருந்தாக எண்ணி நாளைக் கடத்தக்கூடாது. செடியை வேரோடு பிடுங்கி வளவுக்கு வெளியே அகற்ற வேண்டும். குவியலில் போடக்கூடாது.

கீரைக்கு ஏன் கூடாது

சாணத்தில் ஈ.கோலையும் சல்மொனெல்லாவும் இருக்கலாம். நன்றாகச் சூடேறிய குவியலில் அவை சாகும். ஆனால் எல்லாம் செத்துவிட்டன என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஓரத்தில் பிழைத்த சிலவற்றை மொலாசசும் காற்றும் இதமான சூடும் உள்ள வாளியில் போட்டால் நல்ல நுண்ணுயிரோடு சேர்ந்து அவையும் பெருகும். இனிப்பு சேர்த்த தேநீரில் இது நடப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2004 இல் அமெரிக்க சேதனத் தரச் சபையின் கூட்டெருத் தேநீர்ப் பணிக்குழு, சேர்க்கை போட்ட தேநீரைப் பரிசோதிக்காவிட்டால் பச்சைச் சாணம் போலவே நடத்தச் சொன்னது: உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன், தொடாத பயிருக்கு 90 நாள் முன் நிறுத்த வேண்டும்.

நம் சமையலை வைத்து யோசித்தால் இது இன்னும் கூர்மையாகிறது. வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுகிறோம். பொன்னாங்காணியையும் சிலர் சுண்டாமலே சேர்ப்பார்கள். இவற்றின் இலையில் தேநீர் படவே கூடாது, இனிப்புப் போட்டதோ போடாததோ. 120 நாள் விட்டு அறுக்கிற கீரை எது இருக்கிறது? வளவில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால் தெளிப்பதையே விட்டு வேரடிக்கு ஊற்றி, வைக்கோலால் மூடுவது நல்லது.

ஐந்தாம் வாளி

கடைசியில் இந்த வளவு வந்து நின்றது பம்ப் இல்லாத வாளியில். 1 கிலோ ஆறின கூட்டெருவை வலைப்பையில் போட்டு, 10 லீட்டர் குளோரின் நீங்கிய தண்ணீருக்குள் பத்து நிமிடம் துணி கசக்குவது போலக் கசக்கி எடுப்பது. தண்ணீர் கறுத்துவிடும். அதை அந்த நிமிடமே ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிவிடுவது. நுண்ணுயிர் பெருகவில்லை, ஆனால் கூட்டெருவில் இருந்தவை துகளிலிருந்து கழன்று தண்ணீருக்கு வந்துவிட்டன. கெட்டதும் பெருக நேரமில்லை. மின்சாரம் வேண்டாம், நாற்றமில்லை, 18 மணித்தியாலக் காவல் இல்லை. பையில் மிஞ்சிய கூட்டெருவைப் பாத்தியில் கொட்டிவிடலாம், அதன் சத்தில் பெரும்பங்கு இன்னும் அதிலேயே இருக்கிறது.

காற்றூட்டிய தேநீருக்கும் இந்தக் கசக்கிய சாறுக்கும் செடியில் வேறுபாடு தெரிகிறதா என்று இந்த வளவில் தெரிந்துகொள்ள முடியவில்லை. உழைப்பில் தெரிந்த வேறுபாடு பெரிது. பம்ப் இப்போது நாற்றுப் போடும் காலத்தில் மட்டும் ஓடுகிறது. தட்டில் கூட்டெருக் கலவை இருக்கிறது, நாற்று சிறிது, வாளி ஒன்றே நூறு நாற்றுக்குக் காணும்; அங்கே தேநீருக்கு வேலை இருக்கிறது.

மற்ற உழைப்பு குவியலுக்குப் போகிறது. மாரி வேளாண்மை தொடங்கினால் பட்டி மாடுகளை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துவிடுவார்கள், எழுவான்கரைப் பக்கம் சாணம் கிடைக்காது. ஆகவே புரட்டாதிக்குள் சாணம் அள்ளிச் சேர்த்துவிட வேண்டும். மாரி மழையில் பாத்திக்கு எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அது மணலைக் கழுவிக்கொண்டு கிணற்றுக்கே போகும். அந்த மூன்று மாதம் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குவியலின் மேல் கிடுகை இரட்டையாகப் போட்டு, அடியில் தண்ணீர் தேங்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தென்னை மட்டை அடுக்கி விடுகிறார்கள். தை பிறந்து வெயில் வரும்போது பரப்புவதற்கு நாலு பாத்திக்கும் இருபது வாளி கூட்டெரு தேவைப்படும்.